கலியபெருமாள் ஒருவரா, இருவரா?

செத்தவர்களை வைத்துப் பிழைக்கும் தொழில்களில் வம்சாவளி எழுதுவதுதான் கொஞ்சம் கௌரவமானது என்று செல்வி அக்கா சொல்வார். செத்தவர்கள் திட்டமாட்டார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் திட்டுவார்கள் என்பதை மட்டும் சேரும்போது சொல்லவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் அக்காவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், படித்தது வரலாறு. பணி ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் எதையாவது நகல் எடுக்க வரும்போதெல்லாம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பூர்வீகம் தெரியவில்லை, அப்பன் பாட்டன் பெயரையெல்லாம் ஒரு மரமாக வரைந்து கொடுக்க முடியுமா? டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்றால் ப்ளாக் எண்ணும் தெருப் பெயரும்தான். அதற்குப் பின்னால் இன்னொரு ஊர் இருந்தது என்பது ரிடையர் ஆகும்போதுதான் அப்பாக்களுக்கே நினைவு வருகிறது. வரலாறு படித்த பெண்தானே என்று அக்கா அந்த வேலையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

இப்போது ஓசூரில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் கடை வாசலில் நிறைகிற சைக்கிள் மணிச் சத்தமும், ஜெராக்ஸ் தாளின் சூடும், பலாப்பழக் காலத்தில் பஜார் முழுக்க வீசும் வாசமும் இங்கே இல்லை. வீட்டுப் பெரியவரிடம் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டு, 'எதுக்கு, சொத்துல பங்கு கேக்கவா?' என்று வாங்கிக்கட்டிக்கொண்டவர் உங்களில் யாராவது இருந்தால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஒரே கோயில், ஒரே பெயர்

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தீபா வந்தாள். தனியார் கிளினிக்கில் நர்ஸ். என் வயதுதான், பஸ்ஸில் பார்த்துச் சிரித்துப் பழக்கம். கடையில் ஆள் குறையும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். அவளும் சதீஷும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பெண் பார்க்க வந்த அன்று, வந்த இடத்தில் பேச்சு வேண்டுமே என்று சதீஷின் பெரியப்பா குலதெய்வம் எது என்று கேட்டிருக்கிறார். இரண்டு வீட்டாரும் பொங்கல் வைப்பது புதுக்காலனியில் இருக்கும் ஒரே கோயிலில். சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு மனை கொடுத்த காலனி அது. அடுத்து கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டிருக்கிறார். இரண்டு வீட்டிலும் கலியபெருமாள்.

ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை. பெரியப்பா உட்கார்ந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார்: கலியபெருமாளுக்கு இரண்டு தாரம், மூத்த தாரத்து வம்சம் நாங்கள், இளைய தாரத்து வம்சம் நீங்கள். தட்டில் வைத்த பழத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். தீபாவின் அப்பா முருகேசன் சுரங்கத்தில் ஆபரேட்டர். கோயில் பழக்கத்தில் பெரியப்பாவை 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர். அவர் வாசல்வரை போய்க் கெஞ்சியதற்குப் பெரியப்பா ஒரு சலுகை தந்தார். அது ஒரு கலியபெருமாள் இல்லை, இரண்டு பேர் என்று யாராவது விசாரித்துக் காட்டட்டும். ஆடி முடியும்வரை பார்ப்போம். ஆவணி பிறந்தால் பையனுக்கு வேறு இடம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு கலியபெருமாள் இருப்பார்கள். தீபா என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"காலையில அவன கட்டிக்கப் போறவன்னு நெனச்சி எந்திரிக்கிறேன். சாயங்காலம் அண்ணன்னு நெனச்சிப் படுக்கறேன். சீக்கிரம் ஏதாவது ஒண்ணு சொல்லு ரேவதி."

தம்பியின் பெயர்

சுலோச்சனா அம்மா, கம்பெனி பஸ் ஓட்டி ரிடையர் ஆன ஒருவரின் மனைவி. கணவர் காலமாகிவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் மகன் வம்சாவளி கேட்டிருக்கிறான். நாத்தனார், கொழுந்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாப் பெயரையும் ஒப்பித்தவர், மாமனார் பெயர் வந்ததும் வாயை மூடிக்கொண்டார். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. சரி, சுற்றி வருவோம் என்று மகன் பெயரைக் கேட்டேன். 'தம்பி' என்றார். வைத்த பெயர் என்னம்மா என்றேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

பிறகுதான் விளங்கியது. மகனுக்கு வைத்திருப்பது மாமனார் பெயர். பெற்ற நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் கணவர்தான் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் இவர் தெருவில் நின்று 'தம்பி' என்று கூப்பிட்டால், விளையாடுகிற பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம், இவர் பிள்ளையைத் தவிர. மரத்தில் இரண்டு கட்டங்கள் காலியாகவே நின்றன. கடைசியில் போனை எடுத்து வீடியோவில் மகனைக் கூப்பிட்டு என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, உன் பேரு என்னான்னு இந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடுப்பா."

கொளஞ்சிக்கு வேட்டி

விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பரை வேண்டிப் பிறந்தால், ஆணோ பெண்ணோ, கொளஞ்சி என்றுதான் பெயர். அந்தப் பக்கத்திலிருந்து வந்து கேன்டீனில் வேலை பார்த்த ஒருவர் தன் மனைவியோடு வந்தார். முன்னோர்களில் கொளஞ்சித் தாத்தா என்று ஒருவரைச் சொன்னார். வருடாவருடம் வேட்டி துண்டு வைத்து அவருக்குப் படையல் போடுகிறார்களாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஊரிலிருந்த அவருடைய பெரியம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். கொளஞ்சி எப்படி இறந்தார் என்று கேட்டதற்கு, தலைப்பிரசவத்தில் என்று பதில் வந்தது. நான் இரண்டாம் முறை கேட்டேன். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கேன்டீன்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவையும் பூவும் வைத்துக் கும்பிட வேண்டிய ஆத்மாவுக்கு, அப்பா காலத்திலிருந்து வேட்டி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"அதான் படையல் போட்ட மறுநாள் இவருக்குக் காய்ச்சல் வந்துடுது. பாவம், அது அத்தினி வேட்டிய வச்சிக்கினு என்னாதான் பண்ணும்?"

ரங்கூன் தாத்தா

தெற்கத்திக்காரர் ஒருவர், ரிடையர் ஆன சூப்பர்வைசர், அறுபதாம் கல்யாண மண்டபத்தில் வைப்பதற்குப் பெரிய அளவில் மரம் கேட்டார். தாத்தா ரங்கூனில் வியாபாரம் செய்தவர் என்று சொல்லி, கோட்டுப் போட்ட ஒரு படமும் கொடுத்தார். சொந்தக்காரர்கள் நாலைந்து பேரிடம் போனில் பேசிப் பார்த்ததில், கோட்டுப் போட்டவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்று தெரிந்தது. அவருடைய தம்பிக்குத்தான் குடும்பம், பிள்ளை, பேரன் எல்லாம். அந்தத் தம்பி ஆடு திருடிய வழக்கில் உள்ளே போய் வந்தவர். ஜெயிலுக்குப் போனவருக்குப் படம் கிடையாது. படம் இருந்த அண்ணனை எல்லாரும் தாத்தாவாக்கிக்கொண்டுவிட்டார்கள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, மண்டபத்துக்குச் சம்பந்தி வீட்டார் எல்லாம் வருவார்கள், இந்த ஒரு முறை மட்டும் அண்ணனை நேர்த் தாத்தாவாகவும் தம்பியைச் சின்னத் தாத்தாவாகவும் மாற்றிப்போடக் கூடாதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து அக்கா பதில் சொன்னார்:

"உயிரோட இருக்கற எனக்கே யாரும் புரமோஷன் போடல சார். செத்தவருக்கு நான் எப்படி சார் போடறது?"

எழுதினால் எழுதியதுதான்

ஆனி முடிந்தது. கலியபெருமாள் விஷயத்தில் நான் கேட்காத ஆள் இல்லை. அவரை நேரில் பார்த்தவர்கள் யாரும் உயிரோடில்லை. அவர் இருந்த ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால், ஊர் இருந்த இடத்தில் சுரங்கம் இருக்கிறது. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் தீபா தினமும் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். நான் தலையசைப்பேன். அவள் போய்விடுவாள்.

ஒருநாள் போகவில்லை. இரண்டு கலியபெருமாள் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றாள். பெரியப்பா சொல்கிற இரண்டு தாரக் கதையும் அவராக நினைத்துக்கொண்டதுதான், அதற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை, என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறாய் என்று வாதாடினாள். நியாயமான கேள்வி. ஆனால் நான் எழுதி, பிறகு அது ஒரே ஆள் என்று தெரிந்தால்? ஒரு குடும்பத்தையே தலைகுனிய வைத்துவிட்டு நான் எப்படித் தூங்குவது? தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன் என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நீ நல்லவளா இருக்கறதுக்கு என் கல்யாணந்தான் கெடச்சிதா?"

காலிக் கட்டம்

அன்று வீட்டில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் வரைகிறோமே என்று எங்கள் மரத்தை வரைந்து பார்த்தேன். தாத்தாவோடு நின்றுவிட்டது. அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டுச் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டேன். எங்களுக்கு நிலம் இருந்ததில்லை. மற்றவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். பெயர் எழுதிவைக்கும்படியான எதுவும் எங்களிடம் இருந்ததில்லை. அப்பா நிதானமாகப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, நிலத்துக்காரர் வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது தனக்குத் தெரியும் என்றார். பேனாவை எடுத்தேன்.

"அது அவங்க கூப்ட்டதும்மா, அவரு பேரு இல்ல. அத எழுதாத. காலியாவே வுடு, ஒண்ணும் அசிங்கம் இல்ல."

திரை

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை புதுக்காலனிக் கோயிலில் பொங்கல். தீபா என்னோடு பேசுவதில்லை. நானாகப் போனேன். தகரக் கூரை போட்ட ஒரே மேடையில் அய்யனாரும் வீரனாரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஒரே பூசாரி, ஒரே ஒலிபெருக்கி. கூட்டத்தோடு கூட்டமாகப் பானைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வீரனாருக்குக் கிடா வெட்டும் நேரம் வந்ததும் இரண்டு பேர் ஒரு வேட்டியைப் பிரித்து அய்யனாருக்கு முன்னால் திரை பிடித்தார்கள். அய்யனார் சைவம், ரத்தம் பார்க்க மாட்டார். அது எனக்கும் தெரியும். அதுவரை கவனிக்காதது வேறு. திரை விழுந்த உடனே, யாரும் சொல்லாமலே, கூட்டமும் இரண்டாகப் பிரிந்தது. தீபாவின் வீட்டார் கிடாவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சதீஷின் வீட்டார் திரைக்குப் பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பெரியப்பாவிடம் கேட்டேன். அண்ணன் தம்பிக்குள் அந்தக் காலத்திலேயே அப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் மூடிவிட்டார். சர்க்கரைப் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்த சதீஷின் அம்மாவிடம் போனேன். கவிச்சி அன்றைக்குத் தங்கள் வீட்டில் ஆகவே ஆகாது, தன் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான் என்றார். அப்படியென்றால் வீரனார் உங்களுக்கு யார் என்றேன். பெரியப்பா அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து, கரண்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"அவரு நமக்குப் பக்கத்து வூட்டுக்காரரும்மா. அவரு ஊரு வேற, எங்க அய்யனாரு ஊரு வேற. காலி பண்ணிக்கினு வந்தப்ப ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல மனை குடுத்துட்டாங்க."

கோடி

ஆடிக் கடைசியில் முருகேசனின் குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டாரும் கூடினார்கள். சாமி இரண்டு என்று நான் சொன்னதைப் பெரியப்பா ஏற்கவில்லை. வாழ வந்த பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார். சதீஷின் அம்மா காபி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். கலியபெருமாளும் இரண்டு பேரா, அதைச் சொல் என்றார் பெரியப்பா. தீபா சமையலறை நிலைப்படியில் நின்று என்னையே பார்த்தாள். சாமி இரண்டு என்பது தெரியும், ஆள் இரண்டு என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை என்றேன். தீபா பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பெரியப்பா தாராளமானார். இளைய தாரத்து வம்சம் என்றாலும் தங்கள் வீடு ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை என்று முருகேசனுக்கு ஆறுதல் சொன்னார். முருகேசனின் ஆயா, அவர் அப்பாவைப் பெற்ற தனம், செத்தபோது, தன் அப்பா மேளத்தோடு கோடிப் புடவை எடுத்துக்கொண்டு போனதையும், சின்னப் பையனாகத் தான் கூடவே நடந்ததையும், இவர்கள் கோடி வந்து சேரும்வரை உடலை எடுக்காமல் ஊரே காத்திருந்ததையும் கையை ஆட்டி ஆட்டி வர்ணித்தார். சமையலறையில் டம்ளர் சத்தம் நின்றது. முதலில் புரிந்தது பெண்களுக்குத்தான். சதீஷின் அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: ஒரு பொம்பளை செத்தால், எந்த வீட்டுக் கோடி வருவதற்காக உடலை எடுக்காமல் வைத்திருப்பார்கள்? பெரியப்பா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி, பொறந்த வூட்டுக் கோடி என்றார். சொன்ன பிறகு வாய் மூடவில்லை.

பங்காளி மொட்டை போடுவான், கோடி எடுத்து வர மாட்டான். பொறந்த வூட்டுக் கோடி பெரியப்பாவின் வீட்டிலிருந்து போயிருக்கிறது என்றால், தனம் அந்த வீட்டில் பிறந்த பெண். அந்த வீட்டுக் கலியபெருமாளின் கூடப்பிறந்தவள். அவருக்கு இளைய தாரமாக இருக்க முடியாது. அவளைக் கட்டியவர் இன்னொரு கலியபெருமாள். பக்கத்து ஊர்க்காரர், வீரனாரைக் கும்பிட்டவர், முதல் கலியபெருமாளுக்கு மச்சான். மாமன் மச்சான் வீட்டுப் பிள்ளைகள்தான் தீபாவும் சதீஷும், கட்டிக்கொள்கிற முறை. நான் இதை மரமாகப் போட்டுக் காட்டி முடிப்பதற்குள் தீபா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் இன்னும் பயம் தெளியாமல், ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்று பெரியப்பாவைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். மேளத்தை மட்டும் விட்டுவிட்டார். முருகேசன் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முதல் முறையாக அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இத்தினி வருசமா அண்ணன்னு நெனச்சி வாய மூடிக்கினு இருந்துட்டேன் மச்சான். இனிமே பேசறேன், குந்திக் கேளு."

ஆவணியில் அச்சான கல்யாணப் பத்திரிகையில் கலியபெருமாள் என்ற பெயர் இரண்டு இடத்தில் வந்திருக்கிறதே, அச்சுப்பிழையா என்று காலனியில் பாதிப்பேர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டு.